படிவத்தில் எழுத முடியாத வேலை

அழகுமுத்துவுக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் அவரைப் பிடித்த சனியன். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர், ஹெவ்லொக் டவுனில் ஓவியம் படிப்பிக்கும் ஓர் இடத்தில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வரைவதற்காக முன்னால் நிற்கும் ஆள் ஒருநாள் வரவில்லை. "நீங்க கொஞ்சம் நில்லுங்களேன்" என்று ஆசிரியை கேட்டார். அன்றைக்கு நின்றவர்தான். பதினோரு வருடமாக, வாரத்தில் மூன்று நாள், உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறார்.

குடியிருந்தது வெள்ளவத்தையில், கொன்ஸ்ரன்ரைன் வீட்டு மேல்மாடி அறையில். வீட்டுக்காரர் கீழே வீடியோக் கடை வைத்திருந்தார். அலுமாரித் தட்டில் பக்திப் படம், குடும்பப் படம். மேசைக்குக் கீழே பழைய பேப்பரில் சுற்றிய வேறு மாதிரிப் படக் கொப்பிகள். குரலைத் தாழ்த்தி "புதுசு ஏதும் வந்திருக்கோ?" என்று கேட்டால் கிடைக்கும். ஊருக்குப் புத்தி சொல்லும் பெரிய மனுஷர் பலர் அப்படிக் கேட்டவர்கள்தான். தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு முதல் வரிசை வாங்கில் இருப்பவர் கொன்ஸ்ரன்ரைன்.

தொண்ணூற்றாறில் கொழும்பில் குண்டு வெடித்ததும், வீட்டிலுள்ள தமிழர் எல்லோருடைய பெயர், ஊர், தொழில் எழுதிப் பொலிசில் கொடுக்க வேண்டியிருந்தது. பெயர் இல்லாதவன் சுற்றிவளைப்பில் அகப்பட்டால் எந்தச் சிறையில் கிடக்கிறான் என்று தேடவே மாதங்கள் போகும்.

"உனக்கு என்ன வேலை எண்டு எழுத?" என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

"உடுப்பில்லாம நிக்கிறதுங்க, மொதலாளி."

கொன்ஸ்ரன்ரைனின் பேனை நின்றுவிட்டது. "என்ன, புளூ பிலிமே நடிக்கிறாய்?"

"ஐயையோ, இல்லீங்க! நான் சும்மா நிப்பேன். புள்ளைங்க எலும்பு, சதையெல்லாம் பாத்து வரைவாங்க."

"பொம்பிளைப் பிள்ளையளுமோ?"

"ஆமாங்க."

"சீச்சீ! இது மரியாதையான வீடு, தெரியுமோ?"

"நீங்களே வந்து பாருங்க, மொதலாளி. பாத்துட்டு எழுதுங்க."

விசாரிக்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, சனிக்கிழமை சென்ற் பூசிக்கொண்டு போனார் மனுஷன். இரண்டு மணித்தியாலம் பின்வரிசை வாங்கில் இருந்தார். அழகுமுத்து ஒரு தடியை ஊன்றி நின்றார். ஒரு பெண் முழங்கால் சரிவரவில்லை என்று சிணுங்கினாள். இன்னொருத்தி அழிறப்பர் கேட்டாள். கொன்ஸ்ரன்ரைன் நாலு முறை கொட்டாவி விட்டார்.

வீட்டுக்கு வந்து குதித்தார். "ஒண்டுமே நடக்கேல்லையே! ஒண்டும் நடக்காததுக்கு ஏன் உடுப்பைக் கழட்டுவான்? அது இன்னும் வெக்கக்கேடு!" அவருடைய வியாபாரத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஏதும் நடக்காவிட்டால் கொப்பி திரும்பி வந்துவிடும், பாவம். அழகுமுத்துவின் பெயர் இல்லாமலே படிவம் பொலிசுக்குப் போனது.

அழகுமுத்து வேறு இடம் தேடவும் இல்லை. படிவத்தில் ஏறாத ஆளுக்கு வேறு யார் அறை கொடுப்பார்கள்?

நாலாம் நாள் காலையிலேயே சுற்றிவளைப்பு. வீட்டில் இருந்த ஏழு ஆண்களையும் கடைக்குள் வரிசையில் விட்டு, சண்டையில் பட்ட காயத் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க உடுப்பைக் கழற்றச் சொன்னார்கள். கொன்ஸ்ரன்ரைன் உள்காற்சட்டையோடு, இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருடைய தொப்பை வண்டியைக் காட்டிப் பொலிஸ்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற அழகுமுத்து மெதுவாகச் சொன்னார்: "கைய எறக்குங்க, மொதலாளி. எதிர்ச் செவுத்துல ஒரு எடத்த மட்டும் பாருங்க. மூச்ச மெதுவா விடுங்க. ஒங்க ஒடம்புல ஒரு தப்பும் இல்ல."

அதிகாரி படிவத்தைப் பார்த்தார். ஆறு பெயர், ஏழு ஆள். "மே கவுத?" என்று அழகுமுத்துவைக் காட்டி, யார் இவன் என்று கேட்டார். பதினோரு வருடம் அசையாமல் நின்றவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

கொன்ஸ்ரன்ரைன் கைகளை இறக்கினார். "எங்கட வீட்டு ஆள், சேர். பேரை எழுதாமல் விட்டது என்ர பிழை" என்று சிங்களத்தில் சொன்னார்.

என்ன வேலை என்று கேட்டார் அதிகாரி. கூட்டுகிற வேலை என்று சொல்லியிருக்கலாம், யாரும் கிண்டியிருக்க மாட்டார்கள்.

"படம் கீறுற பிள்ளையளுக்கு முன்னால உடுப்பில்லாமல் நிக்கிறவர், சேர்."

அதிகாரி வரிசையைப் பார்த்துக் கெக்கட்டமிட்டுச் சிரித்தார். இப்போது எல்லோருக்கும் அந்த வேலைதானே என்றார்.

"இல்லை, சேர்," என்றார் கொன்ஸ்ரன்ரைன். "நான் அங்க போய்ப் பாத்தனான். அங்க ஒருத்தரும் சிரிக்கிறேல்லை."

அதிகாரி ஏழாவது பெயரை எழுதிக்கொண்டு, உடுப்பைப் போடச் சொன்னார்.