பட்டை இறுக்கிய கையும் காலியான செல்லும்

ஏழாம் மாதப் பரிசோதனையில் டாக்டரம்மா என் கையில் பட்டையைக் கட்டி இரண்டு முறை பிரஷர் பார்த்தார். "கொஞ்சம் ஏறுது. வீட்ல ஒரு மிஷின் வாங்கி வச்சுக்கோங்க. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ பாருங்க. நூத்தி நாப்பதுக்கு மேல போனாலோ, தலைவலி வந்தாலோ உடனே வந்துடணும்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் கெட்டது.

ஆம்பூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஷூ கம்பெனியில் தையல் சரிபார்க்கும் வேலைக்கு லீவு சொல்லியிருந்தேன். கணவர் வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சூப்பர்வைசர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகல் முழுக்க நானும் அந்த மிஷினும்தான்.

இரண்டு தடவை பார்க்கச் சொன்னதை நான் எங்கே கேட்டேன்? குளித்ததும் பார்ப்பேன், சாப்பிட்டதும் பார்ப்பேன், வயிற்றில் அசைவு குறைந்ததுபோலத் தோன்றினாலும் பார்ப்பேன். எண் கூடினால் பயம் வரும். பயத்தோடு மறுபடி பார்த்தால் இன்னும் கூடியிருக்கும். மிஷினோடு வந்த பென்சில் செல்கள் சீக்கிரமே தீர்ந்துபோயின. பிறகு வாங்கிப் போட்டவையும் நிற்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி போடுற?" என்று கணவர் கேட்டார்.

"ரெண்டு வாட்டிதான்."

அவர் காலி செல்களைப் பார்த்தார். மறுநாள் ஒரு சார்ஜரும் இரண்டு செட் சார்ஜ் செல்லும் வாங்கி வந்தார். "ஒரு செட்டு மிஷின்ல, ஒரு செட்டு ரெடியா டிராயர்ல. இனிமே தீந்துபோச்சேன்னு நீ கவலப்பட வாணாம். தூக்கிப் போட்டா அதுவும் பாலாத்துக்குத்தான் போய்ச் சேருது" என்றார். நாள் முழுக்கக் கழிவுத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அந்தக் கவலையும் இருந்தது.

புதுச் செல்லைப் போட்டதுமே மிஷின் திரையில் பேட்டரிப் படம் பாதியாகத் தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. "இதுக்கு வோல்ட்டு கொஞ்சம் கம்மி, அதான் அப்டி காட்டுது. வேல செய்யும்" என்றார். சில வாரம் வேலை செய்யத்தான் செய்தது.

பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள் அது. காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். சமையலை முடித்து உட்கார்ந்தபோது பின்மண்டையில் வலி தொடங்கியது. பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் ஓடியது, பட்டை கையை இறுக்கியது, அப்படியே மிஷின் அணைந்துவிட்டது. பட்டையைப் பிய்த்து எடுத்துவிட்டு, டிராயரிலிருந்த செட்டைப் போட்டேன். அவர் சார்ஜ் ஏற்றி வைத்தவைதான். பாதி இறுக்கத்தில் அதுவும் நின்றது. சார்ஜர் கையெட்டும் தூரத்தில் இருந்தும் கரண்ட் இல்லை.

எண் தெரிந்தால் வீட்டிலேயே இருக்கலாமா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று முடிவு செய்யலாம். எண்ணே இல்லாதபோது என் தலைவலியின் அளவு எனக்கே தெரியவில்லை. வலி கூடுகிறதா, நான்தான் கூட்டிக்கொள்கிறேனா? கணவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வேலை நடக்கும் இடத்தில் டிரம் சுற்றும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

சுவரைப் பிடித்தபடி கீழே இறங்கினேன். கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உருதுவில் அக்காவைச் சொல்வதுபோல அவரை பாஜி என்றுதான் கூப்பிடுவேன்.

"பாஜி, பென்சில் செல் இருக்கா?"

"செல்லு கெடக்கட்டும். மூஞ்சி ஏன் இப்டி இருக்கு?"

சொன்னேன். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனார். கவர் பிரிக்காத சாதாரண செல்லோடு திரும்பினார். மிஷின் இந்த முறை முழுதாக ஓடி எண்ணைக் காட்டியது. நூற்று ஐம்பத்தெட்டு.

"பயந்ததால ஜாஸ்தி காட்டுதோ? இன்னொரு வாட்டி பாக்கறேன் பாஜி."

"நீ பாத்துனு இரு. நான் ஆட்டோவ கூப்புடறேன்."

ஆட்டோவில் போகும்போது கணவர் போன் செய்தார். "சார்ஜ் செல்லு கோளாறா இருக்கும், பேஜார் ஆவாத" என்றார். புதுச் செல் போட்டுப் பார்த்ததைச் சொன்னேன். "இதோ வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையால் பம்ப் அடித்துப் பார்க்கும் பழைய கருவியை எடுத்தார். அதிலும் ஏறக்குறைய அதே எண்தான் வந்தது. உடனே படுக்க வைத்து மாத்திரை கொடுத்தார்கள். கணவர் வேலைச் சட்டையோடு வந்து கட்டிலருகே நின்றார்.

"ரெடியா வச்சிருக்கேன்னுதான் நெனச்சேன்" என்றார்.

"நீங்க ஏத்திதான் வச்சீங்க. சும்மா கெடந்தே காலியாயிட்டுது."

அவருக்குத் தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியன் பிறகு அதையே உறுதிப்படுத்தினார். அந்த வகைச் செல்லைச் சார்ஜ் செய்து எடுத்து வைத்தால், பயன்படுத்தாமலே இறங்கிவிடுமாம். அன்றாடம் ஓடும் பொருளுக்கு அது சரி. அவசரத்துக்கென்று வைப்பதற்கு வாங்கி எறிகிற செல்தான் நம்பகம். இப்போது சார்ஜ் செல் எல்லாம் டிவி ரிமோட்டிலும் தினமும் எடுக்கும் டார்ச்சிலும் இருக்கின்றன.

டாக்டரம்மா சொன்ன தேதிக்கு முன்பே மகள் பிறந்தாள். எடை குறைவு, ஆனால் நன்றாக அழுதாள். பிறந்த பிறகும் சில வாரம் பிரஷர் பார்க்கச் சொன்னார்கள். கணவரே பட்டையைக் கட்டிவிடுவார். மோட்டார் சத்தத்துக்கு மடியில் இருப்பவள் கண் விழிப்பாள். எண் வரும்வரை நான் திரையைப் பார்க்க மாட்டேன், அவர் முகத்தைத்தான் பார்ப்பேன்.