மருமகன் எறிந்த துவாய்

எங்கள் மருமகன் கீதனுக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. யார் எதைக் கேட்டாலும் ‘ஓம்’ என்பார். நாங்கள் குடியேறிய இந்தக் குளிர்நாட்டில் லோறன்ஸ் வீதியில் பஸ் ஓட்டுகிறார். தூரத்தில் ஒரு ஆள் கையைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தால் போதும், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். உள்ளே இருக்கிற சனம் வாய்க்குள் திட்டும். இப்படி ஒரு வாயில்லாப்பூச்சி என் மகள் மயூரியோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறது என்று கலியாணத்தன்றே எனக்கு யோசனை வந்தது.

ஏனென்றால் மயூரி சண்டைக்காரி. வாய்ச்சண்டை இல்லை, அதில் அவள் என்னிடம் நின்றுபிடிக்கமாட்டாள். மேடையில் ஏறிச் சண்டை போடுகிறவள். பகலில் பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை, பின்னேரம் கிளிபோட் என்கிற எங்கள் தமிழ்ப் பொடியன் ஒருவன் வெக்ஸ்போர்ட்டில் நடத்துகிற பயிற்சிக்கூடம். அந்தச் சண்டையில் குத்தலாம், உதைக்கலாம், நிலத்தில் விழுத்திக் கழுத்தை நெரிக்கலாம், கையை முறுக்கலாம். அகப்பட்டவருக்குத் தாங்கமுடியாவிட்டால் எதிராளியின் உடம்பில் கையால் தட்டவேண்டும். தட்டினால் உடனே விட்டுவிடுவார்கள். தோல்விதான், ஆனால் எலும்பு மிஞ்சும். என் மகள் எல்லாவற்றையும் படித்தாள், இந்தத் தட்டுகிற வித்தையை மட்டும் படிக்கவில்லை. சண்டைக்கு இறங்கிய நாள்முதல் அவள் ஒருதரம்கூடத் தட்டியதில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிவாள்.

போன வருடத் தொடக்கத்தில் யப்பானில் இருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. சண்டை நடத்துகிற அந்தக் கொம்பனியின் பெயர் என் வாய்க்குள் நுழையாது. எங்கள் வீட்டில் ‘யப்பான்காரர்’ என்றால் அவர்கள்தான். நாற்பத்தொன்பது கிலோவுக்குள் எட்டுப் பெண்கள். ஏப்ரலில் முதல் சுற்று, செப்ரெம்பரில் அரையிறுதி, வருடத்தின் கடைசி நாளில் இறுதிச் சண்டை. அங்கே வருடம் பிறக்கிறதற்கு முதல் குடும்பமாக இருந்து இந்தச் சண்டையைப் பார்க்கிற சனம் நிறைய இருக்கிறதாம். நாங்கள் வருடப்பிறப்புக்கு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற நேரத்தில் அவர்கள் இதைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

உதவிக்கு இரண்டு பேரைக் கூட்டிவரலாம் என்றார்கள். கிளிபோட் ஒருவன். கிளிபோட்டின் கையாளுக்கு மனைவி மாசமாக இருந்ததால் அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். மயூரி கீதனைக் கேட்டாள். வழக்கம்போல ‘ஓம்’.

கீதனுக்குச் சண்டையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. கதிரை வைக்கவேண்டும், தண்ணீர் கொடுக்கவேண்டும், ஐஸ் ஒற்றவேண்டும், அதுதான் வேலை. கூடவே வியர்வை துடைக்கத் தோளில் ஒரு வெள்ளைத் துவாய். அந்தத் துவாயில்தான் விசயமே இருந்தது. யப்பான்காரரின் சட்டப்படி, தங்கள் ஆள் ஆபத்தில் இருக்கிறார் என்று கண்டால் மூலையில் நிற்பவர் துவாயை மேடைக்குள் எறியலாம். எறிந்தால் சண்டை முடிந்தது, தோற்றதாகக் கணக்கு. கிளிபோட் போகமுதலே கட்டளை போட்டுவிட்டான்: தான் சொல்லாமல் எறியக்கூடாது. கீதன் ‘ஓம்’ என்றார். மயூரி அதற்கும் மேலே போனாள். யார் சொன்னாலும் எறியக்கூடாது என்று சத்தியம் கேட்டாள். அதற்கும் ‘ஓம்’.

ஏப்ரலில் பூக்குவோக்காவில் புள்ளிகளால் வென்றாள். கீதன் வாளியும் கையுமாகத் தான் நிற்கிற படங்களைக் காட்டி எனக்கு நாள் முழுக்கக் கதை சொன்னார். அத்தனை ஆயிரம் சனம் இருந்தும் மண்டபத்தில் மூச்சுவிடுகிற சத்தம் கேட்குமாம். எங்கள் சனமென்றால் மேடையில் ஏறியிருக்கும் என்று நான் சொன்னேன். எனக்கென்று பச்சைத் தேயிலை வாங்கிவந்திருந்தார். புல்லை அவித்துக் குடித்தமாதிரி இருந்தது. ஆனாலும் ஆசையோடு வாங்கிவந்த பிள்ளையின் முகத்துக்காக இரண்டு கோப்பை குடித்தேன்.

அந்தக் கோடை முழுக்க மயூரி நிறை குறைக்க அவித்த கோழியும் இலைகுழையும் தின்றாள். கீதனுக்கு எந்த நிறைக் கட்டுப்பாடும் இல்லை. ஆனாலும் அவள் முன்னால் சோறு சாப்பிட மனம் வராமல் அவரும் அதையே தின்றார். சண்டைக்குப் போகிற ஆள் யாரென்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும் அளவுக்கு மனிதன் மெலிந்துபோனார். அவரைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் மெல்லமெல்ல மாறத் தொடங்கியது அப்போதுதான்.

செப்ரெம்பரில் நகோயாவில் அரையிறுதி. வென்றுதான் வந்தாள். ஆனால் என் வீட்டுக்குச் சாப்பிட வந்த கீதன் சாப்பாட்டுக் கோப்பையை அளைந்துகொண்டு இருந்தார், ஒரு வாய் இறங்கவில்லை. என்ன என்று தோண்டித் தோண்டிக் கேட்டேன். முதல் ரவுண்டில் எதிராளி மயூரியின் கழுத்தைப் பூட்டிவிட்டாளாம். முகம் நீலம் பாரித்துக் கண் செருகிப்போனதாம். அப்போதும் இவள் தட்டவில்லை. மணி அடித்துத்தான் தப்பினாள்.

“அவ தட்டமாட்டா மாமி,” என்றார் கீதன். “செத்தாலும் தட்டமாட்டா. நான் பக்கத்தில சும்மா பாத்துக்கொண்டு நிண்டனான்.”

மகளிடம் சண்டையை விடு என்று சொல்லிப் பார்த்தேன். இறுதிக்கு வந்தபிறகு விடுகிறதா என்று கத்தினாள். அவளோடு கதைத்துப் பலனில்லை. டிசெம்பர் மாதம் விமான நிலையத்தில் மருமகனைத் தனியே இழுத்து, அவளைக் கொண்டுபோகிறமாதிரியே திருப்பிக் கொண்டுவரவேண்டும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து ‘ஓம்’ என்றார். கிளிபோட்டுக்கு ஒரு ஓம், பெண்சாதிக்கு ஒரு ஓம், மாமிக்கு ஒரு ஓம். மூன்றையும் காப்பாற்றுவது நடக்காத காரியம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

யப்பானில் இரவென்றால் எங்களுக்குக் காலைத் தேத்தண்ணி நேரம். என் தங்கை ஜெயமலர் குடும்பத்தோடு வந்திருந்தாள். எல்லாரும் ரீவிக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு இருந்தோம். எதிராளி ஒசாக்காப் பெண், மஞ்சள் தலைமயிர். முதல் ரவுண்டில் மயூரி அவளை நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஜெயமலர் அந்த நேரமே கேசரி கிண்டப் போகவா என்று கேட்டாள். இரண்டாவது ரவுண்டில் இருவரும் நிலத்தில் விழுந்தார்கள். புரண்டு எழும்புகிற நேரத்தில் ஒசாக்காக்காரி மயூரியின் வலது கையைப் பிடித்துத் தன் கால்களுக்கிடையே நீட்டிவிட்டாள்.

முழங்கை நேராகியது. பிறகு நேரானதையும் தாண்டி மறுபக்கம் வளையத் தொடங்கியது. கிளிபோட் ‘திரும்பு, திரும்பு’ என்று கத்துகிறான். மயூரியின் இடக்கை சும்மாதான் கிடந்தது. அதால் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. வெள்ளையாக ஏதோ பறந்துவந்து மேடையில் விழுந்தது. மத்தியஸ்தர் பாய்ந்து இருவரையும் பிரித்தார்.

“உவருக்கென்ன விசரோ?” என்றாள் ஜெயமலர். எனக்கும் முதலில் வந்தது கோபம்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கழற்றிக்கொண்டு வந்திருப்பாள் என்று என் வாயும் சொன்னது. மயூரி தன் கையைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறதைக் கண்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கை கையாகவே இருந்தது. ஒசாக்காப் பெண் நேரே கீதனிடம் போய் இடுப்பளவு குனிந்து வணங்கினாள். என் மகள் அவர் நின்ற பக்கம் திரும்பவேயில்லை.

வந்த கையோடு மயூரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். முழங்கைச் சவ்வு கொஞ்சம் கிழிந்திருந்தது, ஆறிவிடும் என்றார் வைத்தியர். இன்னும் ஒரு இழுவை இழுத்திருந்தால் எலும்பு முறிந்திருக்கும் என்றும் சொன்னார். அதைக் கேட்டும் அவள் மனம் இளகவில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை. கலியாண வீடு, பிறந்தநாள் எங்கே போனாலும் ‘துவாய்க் கீதன்’ என்று அவருக்குப் பட்டம். மனிதன் சிரித்துக்கொண்டு கடந்துபோவார். ஒவ்வொரு கிழமையும் வேலை முடிந்து வந்து மயூரியைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போவார். அவள் காரின் பின் சீற்றில் ஏறி இருப்பாள். எனக்கென்றால் இருவருக்கும் இரண்டு போடவேண்டும்போல இருந்தது.

ஒருநாள் என் குசினி அடுப்படியில் வைத்துக் கீதனிடம் வெடித்துவிட்டாள்.

“உது என்ர கை. உடைஞ்சால் உடையட்டும். அதைத் தீர்மானிக்க நீர் ஆர்?”

கீதன் ஓம் சொல்லி முடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“உம்மட கைதான்,” என்றார். “ஆனா அது முறியிறதைப் பாத்துக்கொண்டு நிக்க என்னால ஏலாது. திரும்பவும் அந்த இடத்தில நிண்டா திரும்பவும் எறிவன். வேற ஆளைக் கூட்டிக்கொண்டு போம்.”

அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவளுடைய உடம்பு, அவளுடைய உழைப்பு, ஒரு வருடம் பட்டினி கிடந்து தேடிய பட்டம். இருந்தாலும் அன்று என் மனம் முழுக்க மருமகன் பக்கம்தான் நின்றது.

மார்ச் கடைசியில் யப்பான்காரர் திரும்பவும் கேட்டார்கள். அதே ஒசாக்காப் பெண்ணோடு இன்னொரு சண்டை. கிளிபோட் புதிதாக ஒருவனைப் பிடித்துவந்தான். ஆள் சுவர்போல இருப்பான். என்ன நடந்தாலும் துவாயைத் தொடமாட்டேன் என்று அவன் தானாகவே சொன்னான். மயூரி கேட்ட ஆள் இவன்தானே. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் முழங்கையைத் தடவிக்கொண்டு யன்னலோரம் இருந்தாள். “அவன் எறியவே மாட்டான் அம்மா,” என்று இரண்டு தரம் சொன்னாள். குரலில் சந்தோசம் இல்லை. என் பிள்ளை பயந்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் காரின் பனிக்காலத்து ரயர்களைக் கழற்றக் கீதன் வந்தார். வாசலில் முழங்காலில் நின்று நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்றேன். மயூரி சப்பாத்தும் போடாமல் வெளியே வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

“இந்தமுறை கை அம்பிட்டால் நானே தட்டுவன்,” என்றாள். “நீர் எறிய வேண்டி வராது. எனக்கு நீர்தான் வரோணும்.”

அப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து கிளிபோட் கேட்டதில்லை, பெற்ற நானும் கேட்டதில்லை. கீதன் திருகியைக் கீழே வைத்தார். கழற்றிய ரயரின் மேலேயே குந்தி, மாமி பக்கத்தில் நிற்கிறாள் என்றும் பாராமல் குலுங்கிக் குலுங்கி அழுதார்.