இரண்டு கரண்டிகள் பாடிய பகல்

மாமல்லபுரத்துப் பட்டறை ஒன்றில் கல் செதுக்குபவன் நான். சென்ற ஆண்டு, சோப்பு டப்பாவுக்குள் சிறு மின்சுற்றையும் பழைய வானொலியின் ஒலிபெருக்கியையும் பொருத்தி, வெளியே இரண்டு கரண்டிகளை நீட்டி ஓர் இசைக்கருவி செய்தேன். இரு கைகளாலும் கரண்டிகளைப் பற்றினால் ஒலி எழும். இறுக்கினால் சுருதி ஏறும். வீட்டில், குளித்து வந்து பற்றியபோது அருமையாகப் பாடியது.

ஆயுத பூசையில் உளிகளுக்கு நடுவே அதையும் வைக்க ஆசைப்பட்டேன்.

"பாடிச்சினா வை. இல்லாங்காட்டி வூட்டுக்கு எடுத்துகினு பூடு," என்றார் மேஸ்திரி.

பூசைக்கு முந்தைய நாள், வேலைக்கு நடுவே எல்லோர் முன்னிலையிலும் பற்றினேன். முனகல்கூட எழவில்லை.

"இன்னா மச்சான், உன் வீணை மௌன விரதமா?" என்றான் உடன் செதுக்கும் சேகர்.

மீன் விற்றுத் திரும்பும் வழியில் தண்ணீர் குடிக்க வந்த செல்வி அக்கா கரண்டிகளை நோக்கிக் கை நீட்டினார்.

"ஈரக் கையோட தொடாதக்கா, கெட்டுப்பூடும்," என்று சீறினேன்.

"நீ தொட்டு மட்டும் இன்னா கிழிச்சே?" என்றபடி பற்றிவிட்டார்.

பட்டறை அதிர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே இறுக்கியும் தளர்த்தியும், வலை இழுப்போரின் ஏலேலோவை அதில் எழுப்பினார். உளிச்சத்தம் முழுவதும் நின்றுபோயிற்று.

"நட்டநடுவுல வைய்யி," என்றார் மேஸ்திரி.

கல்தூசியில் காய்ந்த என் கைகள் மின்சாரத்துக்கு வழிவிடவில்லை. உப்புநீரில் ஊறிய அவர் கைகள் வழிவிட்டன. நான் விலக்கிய ஈரமே என் கருவிக்கு உயிராயிற்று.

பூசையன்று, சந்தனப் பொட்டிட்ட சோப்பு டப்பாவை முதலில் வாசிக்க அக்காவையே அழைத்தேன். அடுத்து வாசிப்பதற்காக, என் கைகளை நனைத்துக்கொண்டு அருகில் நின்றேன்.