முக்காமல் பெற்ற பிள்ளை

என் மூத்தவன் பிறந்தபோது எனக்குப் பிறப்புவாசல் கிழிந்தது. கரம்பொன் ஊரில் எங்கள் வீட்டறையில் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் "முக்கு பிள்ளை, முக்கு" என்றார்கள். எங்கள் பக்கத்தில் பலமாக முக்குகிறவள்தான் கெட்டிக்காரி. நானும் மூச்சடக்கி முக்கினேன். தலை ஒரேயடியாக வெளியே வந்தது, இரத்தம் நிற்கவில்லை. காரில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்த் தைத்தார்கள். காயம் ஆறப் பல கிழமை சென்றது. மலம் கழிக்கப் போவதென்றால் தேவமாதாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டு போவேன்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்தபோது, நோவை நினைத்து நான் பயப்படவில்லை. அந்த இடம் திரும்பவும் கிழிந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். கோயிலில் முழந்தாளில் நின்று கேட்டதும் அதுவே. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. இதை எப்படி ஒரு ஆம்பிளையிடம் சொல்வது?

இந்த முறை நேரத்தோடு அரசாங்க மருத்துவமாதுக்கு ஆளனுப்பினோம். எங்களுக்கு அவர் 'மிசி'. சைக்கிளில் வந்து இறங்கியதும் அவர் காதில் மட்டும் சொன்னேன்.

"பயப்படாதையும். அவசரப்படாமல் எடுப்பம்" என்றார்.

கணவரின் தாயான மாமி செபமாலையோடு என் தலைமாட்டில் இருந்தா. ஒவ்வொரு மணிக்கும் இடையில் "முக்கு பிள்ளை" என்றும் சேர்த்துக்கொண்டா.

"அம்மா, நீங்கள் செபத்தைப் பாருங்கோ. முக்கிறதை நான் பாக்கிறன்."

"ஆறு பெத்தவள் நான், மிசி."

"ஓம் அம்மா. அந்த ஆறும் உங்கடை முறை. இது எங்கடை முறை."

மாமி முகத்தைத் திருப்பினா. ஆனால் செபத்தை விடவில்லை.

மிசி என்னை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தார். சுடுநீரில் பிழிந்த துணியைக் கீழே தாங்கிப் பிடித்தார். மற்றக் கை பிள்ளையின் தலையைத் தாங்கக் காத்திருந்தது. தலை தெரியத் தொடங்க, நெருப்பு வைத்தது போல எரிந்தது.

"இனி முக்க வேண்டாம்."

"ஏலாது மிசி. தன்பாட்டிலை வருது."

"வாயாலை செபத்தைச் சொல்லும். சொல்லிக்கொண்டு முக்க ஏலாது."

உண்மைதான். முக்குவதென்றால் மூச்சை அடக்க வேண்டும். செபம் சொல்வதென்றால் விட வேண்டும். முழுச் செபமும் வாயில் வரவில்லை. "மரியாயே, மரியாயே" என்று சின்னச் சின்ன மூச்சில் சொன்னேன். தலை கொஞ்சம் வந்தது, உள்ளே போனது, திரும்பவும் வந்தது. பிறகு நெற்றி, மூக்கு, நாடி என்று ஒவ்வொன்றாக நழுவியது எனக்கே தெரிந்தது.

ஒரு முழுத் தலைக்கு அந்தச் சதை எப்படி விரிந்து இடம் விட்டது என்று நினைக்க இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. ஆண்டவர் இடம் வைத்துத்தான் படைத்திருக்கிறார். நாங்கள்தான் நேரம் விடவில்லை.

பிள்ளை அழுதது. எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். மிசி டோர்ச் அடித்து என்னைப் பார்த்தார்.

"சின்னக் கீறல் ஒண்டுதான். தைக்கத் தேவையில்லை. தானாய் ஆறும்."

"வடிவாப் பாத்தனீங்களே மிசி?"

"ரெண்டுதரம் பாத்திட்டன்."

நான் கண்ணை மூடி மாதாவுக்கு நன்றி சொன்னேன். பிறந்தது என்ன பிள்ளை என்று அதன் பிறகுதான் கேட்டேன்.