துண்டுக்குள் ஒரு சின்னக் கை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறவள் நான். இப்போதும் அப்படித்தான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எண்பதுகளில் நாங்கள் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்தோம், எனக்குக் கம்பெனியில் பேக்கிங் வேலை. மகள் நஸ்ரின் அப்போது இரண்டாம் வகுப்பு. அவளுக்கு ஒரு கதைப் புத்தகத்தின் மேல் பைத்தியம். சந்தைக்கு விற்க வந்த கன்றுக்குட்டியை ஒரு பையன் அவிழ்த்துக்கொண்டு ஓடுவான், இருவரும் மலைக்குப் போய்ச் சந்தோஷமாக இருப்பார்கள், அவ்வளவுதான் கதை. குந்தாரப்பள்ளிச் சந்தையையும் அங்கே நிற்கும் புளிய மரத்தையும் பார்த்துத்தான் இதை எழுதினேன் என்று அந்த எழுத்தாளர் பின்னட்டையில் சொல்லியிருந்தார். அந்த மரத்தைக் காட்டு, காட்டு என்று இவள் என் உயிரை எடுத்ததால் ஒரு சந்தை நாளில் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன்.

போன இடத்தில் ஒரு முகமும் சரியில்லை. மாட்டுச் சந்தைக்குள் ஒரு பெண்ணும் குழந்தையும் வந்ததே குற்றம் என்பது போல வழிவிடாமல் நின்றார்கள். ஒருவர் "ஹோகம்மா, ஹோகு" என்று கன்னடத்தில் விரட்டினார். மரம் எங்கே என்று கேட்டதும் ஒரு தரகர் முறைத்தார்.

"அந்தப் பொஸ்தகத்தப் படிச்சுட்டு வந்தியா? அந்தாளு எளுதிட்டுப் போயிட்டான். கன்னுக்குட்டிய ஓட்டிக்கிட்டுப் போன பையன் எங்கூருப் புள்ளம்மா. இன்னிக்கு வரைக்கும் வூடு வந்து சேரல. புள்ளயக் கூட்டிக்கிட்டு மொதல்ல கெளம்பு."

என்னை விரட்ட இவர் யார் என்று மேலே நடந்தேன். வழியில் ஒரு மாடு கைமாறியது. இரண்டு பேர் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசினார்கள். முடிந்ததும் வாங்கியவர் புதுக் கயிறு கட்டினார், விற்றவர் பழைய கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

"கயித்த மட்டும் ஏம்மா தரல?" என்றாள் நஸ்ரின்.

மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள், அது அவர்கள் வழக்கம் என்றேன்.

புளிய மரத்தடியில் ஒரு கிழவர் தனியாக நின்றிருந்தார், பக்கத்தில் மாடு எதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும் துண்டை விரித்து, இரண்டு கையாலும் அதன் ஓரங்களைப் பிடித்து என் முன்னால் நீட்டினார். "பொம்பளைக்கு வெல பேசத் தெரியுமா?" என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீம்புக்கு வலது கையைத் துண்டுக்கு அடியில் விட்டேன்.

நம்பினால் நம்புங்கள், உள்ளே ஒரு சின்னக் கை என் விரல்களைப் பிடித்தது. சில்லென்று, ஈரமாக இருந்தது. நஸ்ரின்தான் விளையாடுகிறாள் என்று பார்த்தால், அவள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு மாடுகளை வேடிக்கை பார்க்கிறாள். கிழவரின் கைகள் இரண்டும் துண்டுக்கு வெளியே. அந்தச் சின்னக் கை என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது, பிறகு மொத்தமாக ஒரு அழுத்து அழுத்தி விட்டது. கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

முறைத்த தரகர் ஓடி வந்தார். "ஏம்மா, அவங்கிட்ட மாடு இருந்துச்சா? இல்ல. அப்ப அவன் வாங்க வந்தவன். நீ என்னத்த வித்த?"

அப்போதுதான் வலது கையைத் திறந்தேன். உள்ளே நஸ்ரினின் சிவப்பு ரிப்பன். காலையில் நானே அவள் ஜடையில் இறுக்கிக் கட்டியது. அவளைத் திருப்பிப் பார்த்தேன். ஜடை அவிழவே இல்லை, நுனியில் ஒரு புதுக் கயிறு கட்டியிருந்தது. அதைப் பிய்த்து எறிந்தேன்.

தரகரின் குரல் இறங்கிவிட்டது. "பழய கயிறு உங்கிட்டதான் இருக்குது. அது இருக்கற வரைக்கும் புள்ள உன்னோடது. யாரு கேட்டாலும் குடுத்துறாத."

நஸ்ரின் அதன் பிறகு அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. வளர்ந்தாள், படித்தாள், ஓசூரிலேயே கட்டிக்கொடுத்தோம், நன்றாகத்தான் இருக்கிறாள். ரிப்பன் என் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது, அதைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன பெருநாளுக்கு வந்தவள் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"அம்மா, அந்தச் செவப்பு ரிப்பனக் குடுத்துடேன். ரொம்ப நாளா கேக்குறாங்க."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி அவளை அனுப்பி வைத்தேன். பெட்டிச் சாவியை அன்றிலிருந்து இடுப்பை விட்டு எடுப்பதில்லை.