மணிக்கு முடி கொட்டிய கோடை

நேற்று எங்கள் வீட்டு நாயைச் சீவினேன். சீப்போடு கொத்துக் கொத்தாக முடி வந்தது. என் சிறுவயதில், அந்தக் கோடையில் மணிக்குக் கொட்டியதும் இப்படித்தான்.

அம்மா இறந்த பிறகு அப்பா என்னையும் நாய் மணியையும் சித்திரபுரம் எஸ்டேட்டிலிருந்து கூட்டிவந்து, எருத்தேன்பதியில் அத்தை வீட்டில் விட்டார். மலைக்குளிரில் வளர்ந்த மணிக்குக் கம்பளி போல அடர்ந்த முடி. எருத்தேன்பதி வெயிலில் அது தண்ணீர்த் தொட்டியடியில் ஈரமண்ணைப் பறித்துப் படுத்து, நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும். பக்கத்தில் நானும் வேர்க்குருவைச் சொறிந்தபடி உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் தெருவிலும் நிற்க முடியாது, ஓட்டு வீட்டுக்குள்ளும் இருக்க முடியாது.

முடி கொட்டத் தொடங்கியதும், மணி சாகப்போகிறது என்று அழுதேன். மாமா அதன் முதுகைத் தடவிப் பார்த்தார்.

“அழுவாத கண்ணு. இந்த வெயிலுக்குத் தோதா ஒடம்ப மாத்திக்குது. இனி இங்கயே இருந்துக்கும்.”

அதைக் கேட்டு இன்னும் அதிகமாக அழுதேன்.

கிறிஸ்துமஸுக்கு அப்பா எங்களை மலைக்குக் கூட்டிப்போனார். மணி அடுப்படியை விட்டு நகரவே இல்லை. மெலிந்த முடிக்குள் தோல் தெரிய நடுங்கியது.

“இது இனி இந்தக் குளிரு தாங்காது. கீழயே இருக்கட்டும்” என்ற அப்பா, என்னைப் பார்த்தார். “ஒனக்கும் குளிருதா தாயி?”

கைகளைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

“இல்லப்பா, எனக்குக் குளிரவே இல்ல.”

சொல்லும்போதே பல் அடித்துக்கொண்டது. அப்பா தன் ஸ்வெட்டரைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். லீவு முடிந்ததும் எங்கள் இருவரையும் கீழே கொண்டுவந்து விட்டார்.