ஏற்றத்தில் மட்டும் கொதித்த எஞ்சின்

ஸஹாப்தீன் நானாவைத் தெரியாதவன் மாத்தளையில் லொறி ஓட்டுகிறேன் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். பலாபத்வலையில் பெரிய வீதியோரத்தில் இருக்கும் என் கராஜுக்கு அவர் முப்பது வருடமாக வருகிறார். வந்ததும் இறங்கமாட்டார். ஜன்னலால் தலையை நீட்டி, "ராசையா பாஸ், இவளுக்கு இன்டைக்கு மனசு சரியில்ல, கொஞ்சம் பாருங்க" என்பார். லொறியை அவர் 'இவள்' என்றுதான் சொல்வார். மனைவி ஸில்மியாவும் அவருக்கு 'இவள்'தான். காய்ச்சல் என்றால் யாருக்கு என்று புரியாமல் நான் விழித்ததுண்டு.

எனக்கு முன்கோபம் அதிகம். வேலை பிழைத்தால் ஸ்பேனரை எறிவேன், வாயில் வந்ததைச் சொல்வேன். அதற்குப் பயந்தே பாதிப் பேர் வேறு கராஜுக்குப் போய்விட்டார்கள். நானா மட்டும் எறிந்த ஸ்பேனரைத் தேடி எடுத்துத் துடைத்து என் கையில் தருவார். அப்படியொரு பொறுமைசாலி.

அவருக்கு ஒரே தங்கச்சி, நஸ்மியா. அவளுக்கு ஆறு வயதில் உம்மா மௌத்தாகிவிட, நானாதான் தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, வளர்த்து, லக்கலப் பக்கம் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார். பிள்ளைகள் இல்லை. கணவரும் இறந்த பிறகு தனியாகவே அங்கு இருந்தாள். பிறகு அவளுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. மாதாமாதம் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் காட்ட வரவேண்டும், அந்தப் பக்கத்து பஸ்ஸை நம்பி வரமுடியாது. அவளைச் சாமானோடு ஒரேயடியாகத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவது என்று நானா முடிவு செய்தார்.

அந்த நேரம் பார்த்து லொறி படுத்துவிட்டது. டொலர் பிரச்சினைக்குப் பிறகு சாமான் விலை எல்லாம் எங்கேயோ போயிருந்தது. ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்றை இறக்குவது நானாவுக்குக் கனவிலும் ஆகாது. இருந்த எஞ்சினையே கழற்றி, கட்டாயம் மாற்றவேண்டியதை மட்டும் மாற்றி, மற்றதைக் கழுவித் துடைத்துப் பூட்டினேன்.

பூட்டும்போது ஒரு வேலை செய்தேன். தேர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு இருக்கிறது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கும். அது பனி கொட்டுகிற நாட்டுக்காரனுக்குத் தேவை, இந்த வெயிலில் நமக்கு எதற்கு என்று எங்கள் பக்கத்து பாஸ்மார் அதைக் கழற்றி எறிந்துவிடுவோம். என் குருநாதர் எறிந்தார், நானும் எறிந்தேன். அதைப் பற்றி இரண்டாவது தடவை யோசிக்கவே இல்லை.

எஞ்சின் முதல் அடியிலேயே பிடித்தது. நானா அங்கேயே தங்கச்சிக்குப் போன் எடுத்தார்.

"வார வெள்ளிக்கெழம வாறன் தங்கச்சி. சாமானக் கட்டி வைங்க."

"மெய்யாவா நானா?" என்று மறுமுனையில் அவள் கேட்டது எனக்கும் கேட்டது. சின்னப்பிள்ளை கேட்பது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து புறப்பட்டவர், இரத்தோட்டை தாண்டி, லக்கலைக்குப் போகும் வழியில் ரிவஸ்டன் மலை ஏற்றத்தில் பாதிகூட ஏறவில்லை. சூட்டு முள் சிவப்பில் போய் நின்று, தண்ணீர் கொதித்து வெளியே அடித்தது. ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, திரும்பி வந்தார்.

கெஸ்கட்தான் போயிருக்கும் என்றேன். ஹெட்டைக் கழற்றினேன். கெஸ்கட்டில் ஒரு பிழையும் தெரியவில்லை, இருந்தாலும் புதிது போட்டேன். சமதரை வீதியில் தம்புள்ளைக்குப் பூசணிக்காய் ஏற்றிப் போய் வந்தார், முள் அசையவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ரிவஸ்டனில் அதே இடத்தில் அதே கொதி.

அப்படியென்றால் ரேடியேட்டர் என்றேன். எங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், உள்ளே படிந்து அடைத்திருக்கும். கழற்றிக் குத்திக் கழுவிப் பூட்டினேன். மூன்றாவது வெள்ளிக்கிழமையும் கொதித்தது. அன்று நான் ஸ்பேனரை வீதிக்கே எறிந்தேன். நானா போய் எடுத்து வந்தார்.

"வான் ஒன்னு பிடிச்சுத் தங்கச்சிய மட்டும் முதல்ல கூட்டிட்டு வந்தா என்ன நானா?" என்று கேட்டேன்.

"அவ வரமாட்டா பாஸ். வேற லொறி பிடிக்கக் காசும் இல்ல. ஆளில்லாத வீட்ட யானை ஒடச்சிப் போடுமாம். அவட மௌத்தான மாப்பிள்ள வாங்கிக் குடுத்த அலுமாரி ஒன்டு இரிக்கி, அத விட்டுட்டு வரவே மாட்டா."

"அப்ப வாட்டர் பம்பைப் பாக்குறேன். இன்னும் ஒரு கெழமை பொறுங்க. அடுத்த வெள்ளி கட்டாயம் ஏத்திக் காட்டுறேன்."

"நீங்க சொன்னா சரி பாஸ்" என்றார். அந்த வார்த்தைதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. அன்று அவர் என்னை நம்பாமல் ஒரு வானைப் பிடித்துப் போய் அவளிடம் சண்டை போட்டாவது கூட்டி வந்திருந்தால்!

செவ்வாய்க்கிழமை விடிய நஸ்மியா மௌத்தாகிவிட்டாள். பம்ப் என் மேசையில் கழற்றியபடி கிடந்தது. வாடகை வானில் போனோம், நானும் போனேன். நாங்கள் மூன்று கிழமையாக ஏறமுடியாத ஏற்றத்தை அந்த வான் ஒரே மூச்சில் ஏறியது. மையத்தாகக் கிடந்த தங்கச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சி போயிட்டா" என்று மட்டும் நானா சொன்னார்.

அடக்கம் முடிந்து நாலைந்து நாளைக்குப் பிறகு பம்புக்கு சீல் வாங்க மாத்தளையில் நடராஜாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கதையைக் கேட்டுவிட்டு அவன், "தேர்மோஸ்டாட் இருக்கா, கழட்டிட்டீங்களா?" என்றான்.

"அது எதுக்கு?"

"யோவ், இந்த எஞ்சின்ல அதக் கழட்டினா தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம குறுக்கு வழியால எஞ்சினுக்கே திரும்பிரும். சமதரையில தெரியாது. ஏத்தத்துல இழுக்கிறப்ப கொதிக்கும்."

அவனோடு சண்டை பிடித்தேன். எனக்கே படிப்பிக்கிறாயா என்று கத்தினேன். ஆனாலும் ஒன்றை வாங்கி வந்து பூட்டினேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். பூட்டி முடிக்க அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

சாமான்களை எடுத்துவர நானாவும் நானும் லொறியில் போனோம். ரிவஸ்டன் ஏற்றம் முழுக்க முள் நடுவில் நின்றது, ஒரு நூல் அசையவில்லை. "ஏறிட்டாள் பாஸ்!" என்று நானா என் தோளில் தட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நஸ்மியாவின் வீட்டு முன் விறாந்தையில் அலுமாரி நின்றது, மேலே படங்கு போர்த்தியிருந்தது. ஏன் வெளியே நிற்கிறது என்று நானா கேட்டார். பக்கத்து வீட்டு றாபியா சொன்னாள்:

"மொத வெள்ளிக்கெழமயே எங்கட ஆக்களக் கூப்பிட்டு வெளிய எடுத்து வெச்சா. பொறகு உள்ள வைக்க விடல்ல. 'நானா வாற நேரம் சொணங்கப்படாது'ன்டு சொல்லுவா. மூணு வெள்ளியும் நல்ல சாரியா உடுத்திட்டு, இதுல சாஞ்சி இருந்தா. இருட்டினாப் பொறகுதான் உள்ள போவா."

அதற்கு மேல் என்னால் அடக்கமுடியவில்லை.

"நானா, பிழை என்னோடதுதான். கெஸ்கட்டும் இல்ல, ரேடியேட்டரும் இல்ல. வேணாம்னு நான் கழட்டி எறிஞ்ச ஒரு சின்ன சாமான். அது இருந்திருந்தா மொத வெள்ளியே ஏறியிருப்போம்."

அவர் அலுமாரிக் கதவில் நெற்றியை வைத்து, சத்தம் வராமல் அழுதார். நானும் அழுதேன். சாரத்து நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடிங்க பாஸ், கண்ணாடி கவனம்" என்றார். இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினோம்.

வீட்டுக்கு வந்து இறக்கியதும் ஸில்மியா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"இந்த எஞ்சினோட நீங்க எவ்வளவு பாடுபட்டீங்க பாஸ்! அவவுக்கு அல்லாஹ் எழுதின ஹயாத்து அவ்வளவுதான், அதுக்கு யாரு என்ன செய்ற?"

நான் நானாவைப் பார்த்தேன். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "ஓம், பாஸ்ல ஒரு கொறையும் இல்ல" என்றார்.

அதற்குப் பதில் அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.